சுருமாவும் நிய்யத்தும்

வயதுக்கு வரும் பெண்பிள்ளைக்கு நம் வீடுகளில் உளூவைச் சொல்லிக் கொடுக்கிறோம். குளிப்பின் முறையைச் சொல்லிக் கொடுக்கிறோம். ஓதவும் தொழவும் பழக்குகிறோம். கண்ணுக்குச் சுருமா இடுவதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தாயையும் நன்னியையும் பார்த்துப் பிள்ளை தானே பழகிக் கொள்கிறது. அற்ப விஷயம்தானே என்பர் சிலர். ஆனால் இந்த அற்ப விஷயத்துக்குள் பெரியதொரு கேள்வி அடங்கிக் கிடக்கிறது. நிய்யத் நல்லதாக இருந்துவிட்டால் செயலும் நல்லதாகி விடுமா? ஸுன்னத்தைப் பேணுகிறோம் என்ற நன்னோக்கோடு ஒரு தாய் தன் குழந்தையின் கண்ணில் இடும் பொருள் அக்குழந்தைக்கு நஞ்சாக இருக்குமானால், அவளுடைய நன்னோக்கு அதற்கு ஈடாகுமா?

முதலில் ஸுன்னத் யாது என்பதைப் பார்ப்போம். சுருமாக்களில் சிறந்தது இஸ்மிது என்றும், அது பார்வையைத் தெளிவாக்கி இமை முடியை வளர்க்கிறது என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஹதீஸ் திர்மிதீ, அபூதாவூது, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, ஏவலோடு காரணமும் சேர்ந்தே வந்திருக்கிறது என்பதுதான். கருமை அழகு என்று சொல்லி நிறுத்தவில்லை. பார்வைக்கு நன்மை என்று பயனைச் சொல்லி ஏவினார்கள். பயனைச் சொல்லி ஏவப்பட்ட ஒன்றில் பயனை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பிடித்துக் கொள்வது பேணுதல் ஆகாது.

இஸ்மிது என்பது கருமையான ஒரு கல். இன்றைய விஞ்ஞானப் பெயரில் சொன்னால் ஆன்டிமனி சல்பைடு என்பதே பலரும் கொள்ளும் பொருள். கோவில்பட்டிப் பக்கத்து வாசகர்களுக்கு இது அந்நியமான பொருள் அன்று. நம் ஊரின் தீப்பெட்டித் தொழிலில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த இரசாயனங்களில் இதுவும் ஒன்று. ஆனால் இதே கருமையும் இதே மினுமினுப்பும் கொண்ட வேறொரு கல் இருக்கிறது. அது கலீனா, அதாவது ஈய சல்பைடு. இரண்டையும் பொடித்துச் சிமிழில் அடைத்துவிட்டால் சாதாரணக் கண்ணுக்குப் பேதம் தெரியாது. கலீனா மலிவு, தாராளமாகக் கிடைப்பது. ஆகவே சுருமா என்றும் இஸ்மிது என்றும் பெயரிட்டு விற்பனைக்கு வந்தவற்றைப் பல நாடுகளின் ஆய்வுக் கூடங்களில் சோதித்தபோது, பலவற்றில் இருந்தது ஈயக் கல்தான். கந்தூரிக் கடையில் வாங்கியதானாலும் சரி, ஹஜ்ஜுக்குப் போன உறவினர் அன்போடு கொண்டுவந்து கொடுத்ததானாலும் சரி, ஊர்ப் பெயரும் சிமிழின் அழகும் உள்ளே இருக்கும் பொருளுக்குச் சாட்சி சொல்லா.

(இடையில் ஒரு செய்தி. சுருமாவுக்கு அரபியில் குஹ்ல் என்று பெயர். அல்குஹ்ல் என்ற அந்தச் சொல்தான் ஐரோப்பியர் வாயில் நுண்ணிய பொடி என்றாகி, பிறகு வடித்தெடுத்த சத்து என்றாகி, முடிவில் ஆல்கஹால் என்று நின்றது. பெயர் ஒன்றாகவே இருக்கப் பொருள் எவ்வளவு தூரம் போய்விடுகிறது, பாருங்கள்!)

ஈயம் செய்யும் கேடு கண்ணில் தெரிவதில்லை. அதனால்தான், "எங்கள் நன்னி காலமெல்லாம் இட்டார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கத் தோன்றுகிறது. குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கிறது. கண்ணீரோடு கரைந்தது மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்குகிறது. இப்படி உள்ளே போகும் ஈயம் இரத்தத்தில் கலந்து எலும்பில் தங்கிவிடுகிறது. வளரும் பிள்ளையின் மூளையை அது தாக்கும். படிப்பில் மந்தம், கவனக் குறைவு, இரத்தச் சோகை என்று பின்னால் தலைகாட்டும்போது சுருமாச் சிமிழை யார் சந்தேகிக்கப் போகிறார்கள்? இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

இனி நம் கேள்விக்கு வருவோம். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே என்ற ஹதீஸ் நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அது நன்மைக்குக் கூலி எப்படி அமைகிறது என்பதைச் சொல்கிறது. தீங்குக்குக் கேள்வியே இல்லை என்று சொல்லவில்லை. தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றவனிடம் கொல்லும் எண்ணம் இல்லை. ஆயினும் நஷ்டஈடும் பரிகாரமும் உண்டு என்று குர்ஆன் விதிக்கிறது (4:92). மருத்துவம் கற்றறிந்தவன் என்று அறியப்படாத ஒருவன் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால், அவனே அதற்குப் பொறுப்பாளி என்றும் ஹதீஸ் இருக்கிறது. அவனும் குணமாக்கத்தானே எண்ணினான்! எண்ணம் பாவத்திலிருந்து காக்கலாம், பொறுப்பிலிருந்து விடுவிக்காது. நம் பாட்டிமார்களுக்கு இச்செய்தி எட்டவில்லை, அவர்கள்மீது குற்றமில்லை. எட்டிய பிறகும் அதே சிமிழைத் திறக்கிறவளுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதே நம் கருத்து. குழந்தையின் கண் அவளுடைய சொத்து அல்ல, அவளிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்.

கண்ணின் அருமையைக் கரிசல் சீமைக்கு வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடி மேல்காற்றில் புழுதி பறக்கும்போது பருத்திக் காட்டில் நிற்கும் பெண்ணைக் கேட்டால் சொல்வாள். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப் போயிருந்தும் அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தார். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. புரை விழுந்த கண்ணுக்கு அங்கே வழி இருக்கிறது. எந்தச் சுருமாவும் புரையைக் கரைக்காது; பார்வை மங்கிய முதியவரைச் சுருமாவைக் கொடுத்து உட்கார வைப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

அப்படியானால் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? ஒரு வழி நம் மண்ணிலேயே இருக்கிறது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியைத் தோய்த்து நிழலில் உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் ஏற்றி, மேலே மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் கரி படியும். அதை வழித்துச் சுத்தமான விளக்கெண்ணெயில் சில துளி விட்டுக் குழைத்தால் மை தயார். இதில் ஈயக்கல் சேர இடமில்லை. கடையில் வாங்குவதாயின், தயாரித்தவரின் பெயரும் உரிம எண்ணும் சேர்மானங்களும் அச்சிட்ட பெட்டியாகப் பார்த்து வாங்கட்டும். அழகுப் பொருள்களில் நிறத்துக்காக ஈயம் சேர்ப்பதை நம் நாட்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆனால் பெயரில்லாத சிமிழைப் பிடித்துக் கேட்கச் சட்டத்துக்கு வழி ஏது? கைக்குழந்தையின் கண்ணுக்குள்ளோ எந்த மையையுமே இட வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் சொல். வீட்டு மையானாலும் சரிதான்.

இடும் முறையைப் பிள்ளைக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். கையைக் கழுவி, வலக்கண்ணில் தொடங்கி, ஒற்றைப்படையாக இடுவது ஸுன்னத். குச்சி அவளுக்கென்று தனியாக இருக்கட்டும். ஒரே குச்சி வீட்டிலுள்ள எல்லோர் கண்ணுக்கும் போய்வருவது பாசத்தின் அடையாளமாகத் தோன்றலாம். கண் நோய்களும் அதே குச்சியில்தான் பயணம் செய்கின்றன. குருடாக்கும் டிரக்கோமா நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைவிட்டு இந்தியாவில் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே 2024-ல்தான். இன்னொன்று: கண்ணுக்குள் இட்ட சுருமா உளூவைப் பாதிக்காது, கண்ணின் உட்புறம் கழுவ வேண்டிய இடமன்று. இமைமேலும் இமை முடியிலும் தண்ணீர் ஒட்டாதபடி பூசும் இக்கால மைகள் அப்படியல்ல. அவற்றைக் களைந்த பிறகே உளூச் செய்ய வேண்டும்.

யாருக்காக அலங்காரம் என்ற கேள்வியையும் பிள்ளை கேட்பாள். அல்லாஹ் தந்த அழகை ஹராமாக்கியது யார் என்ற கேள்வி குர்ஆனிலேயே இருக்கிறது (7:32). வெளியே தெரிவதைத் தவிர மற்ற அழகை மறைக்கும்படி ஏவும் வசனத்தில் (24:31), அந்த வெளியே தெரிவது சுருமாவும் மோதிரமும் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும், மேலாடை என்று இப்னு மஸ்ஊது (ரலி) அவர்களும் விளக்கம் தந்ததாக வருகிறது. பெரியோர் இருவர் இரண்டு விதமாகச் சொன்ன இடத்தில் பிள்ளையை அதட்டி வாயடைக்க வேண்டியதில்லை. இரண்டையும் சொல்லி யோசிக்க விடலாம்.

அதட்டல் அதிகமாக விழுவது வேறோர் இடத்தில். கணவரை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். கர்ப்பிணியாயின் பிரசவம் வரை. அக்காலத்தில் சுருமா கூடாது. இத்தாவிலிருந்த ஒரு பெண்ணின் கண்ணில் நோய் என்று அவள் தாய் வந்து கேட்டபோதும் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி தரவில்லை என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. வேறு வழியில்லாத நெருக்கடியில் இரவில் இட்டுப் பகலில் துடைத்துவிடலாம் என்றும் அவர்கள் வாயிலாகவே வருகிறது. இவ்வளவு கண்டிப்பான தடைக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. நம் வீடுகளிலோ அந்த நாள் வருவதே இல்லை. இருபத்தைந்து வயதில் கணவரை இழந்தவள் அறுபதிலும் சுருமாவைத் தொட்டால், "இவளுக்கு இது எதற்கு?" என்று அண்டை வீட்டில் பேச்சு. கேட்டால், அவள் மானத்தைக் காக்கத்தான் சொல்கிறோம் என்பார்கள். இதிலும் நிய்யத் நல்லதுதான்! மார்க்கம் நான்கு மாதம் பத்து நாளில் நிறுத்தியதை ஆயுள் முழுவதற்கும் நீட்டிக்க நமக்கு உரிமை தந்தது யார்? இத்தா முடிந்த மறுநாள் காலையில் அவள் தலைவாரி, நல்லாடை உடுத்தி, கண்ணுக்கு மை இட்டுக் கொள்வாளாயின், அதில் ஒரு சொல்லும் பேச நமக்கு இடமில்லை. கொழுந்தியாளோ மாமியாரோ அந்த மைச் சிமிழை எடுத்து அவள் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.