புகையும் பொது இடமும்

'என் காசு, என் சிகரெட், என் நெஞ்சு. இதுல சர்க்காருக்கு இன்னா வேலை?' பொது இடத்தில் புகைக்கத் தடை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. 1999இல் கேரள உயர்நீதிமன்றம் தடை சொன்னது. 2001இல் உச்சநீதிமன்றம் நாடு முழுக்கச் சொன்னது. 2008 அக்டோபர் 2 முதல் ஓட்டல், பார் எல்லாவற்றுக்கும் விதிகள் வந்தன. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. சுதந்திரம் என்ற சொல்லை வைத்துக் கேட்கிறார்கள். அந்தச் சொல் நமக்கும் வேண்டிய சொல். அதனால் சட்டென்று ஒதுக்கிவிட முடியவில்லை.

அதோடு, புகைக்கத் தடை என்பது சேரிக்குப் புதுசும் இல்லை. பழையசீவரம் பக்கம், பாலாற்றங்கரையில், எங்க தாத்தா காலத்தில் ஊர்க்காரர் எதிரே வந்தால் தோளில் துண்டு இருக்கக் கூடாது, காலில் செருப்பு இருக்கக் கூடாது, வாயில் பீடி இருக்கக் கூடாது. தாத்தா எரிகிற பீடியை அப்படியே உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு 'கும்பிடறேன் ஆண்டே' என்பார். ஆண்டே தாண்டிப் போகிறவரை கை திறக்காது. காய்த்துப்போன கை, சுடாது என்பார் கேட்டால். சுடாமலா இருந்திருக்கும்? ஆண்டே வாயில் சுருட்டு புகைந்துகொண்டுதான் இருக்கும். அந்தப் புகை தாத்தா மூஞ்சியில் அடிக்கலாம். அதுக்குத் தடை இல்லை.

நெஞ்சைக் காப்பாற்ற வந்த தடையா அது? மேல் கீழைக் காப்பாற்ற வந்தது. இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைகளில் பெஞ்சில் உட்காரவே நம் சனங்கள் அடிபட வேண்டியிருந்தது. அந்தப் பெஞ்சில் கால்மேல் கால் போட்டுப் பீடி பற்றவைத்ததை ஒரு வெற்றியாகச் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். 'அதையும் சட்டம் போட்டுப் புடுங்கறானா?' என்று அவர்கள் கேட்டால் கோபப்பட முடியாது.

ஆனாலும் இரண்டு தடையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். இவன் முன்னால் அவன் பிடிக்கக் கூடாது என்பது சாதி. எவன் புகையையும் எவன் மேலும் விடக்கூடாது என்பது வேறு சங்கதி.

'புடிக்காதவன் எழுந்து போகட்டுமே' என்கிறார்கள். சாப்பிட வந்தவன் போகலாம். மேசை துடைக்கிறவன் எங்கே போவான்? டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரில் பகல் பன்னிரண்டிலிருந்து ராத்திரி பத்துவரை காலி பாட்டில் பொறுக்குகிறவன், எச்சில் தட்டு எடுக்கிறவன், சாம்பல் கூட்டுகிறவன் எழுந்து போனால் அன்றைய கூலி போச்சு. அவன் பீடியே தொடாதவனாக இருக்கலாம். அவன் நெஞ்சுக்குள் ஊர்ப் புகை முழுக்கப் போகிறது. 2004இல் அயர்லாந்து மதுக்கடைகளில் புகையைத் தடுத்தபோது அங்கே வேலை செய்கிறவர்களின் உடம்பைத்தான் முதல் காரணமாகச் சொன்னார்கள். நம் ஊர் விவாதத்தில் பிடிக்கிறவன் பேசுகிறான், டாக்டர் பேசுகிறார். துடைக்கிறவனை யாரும் கூப்பிட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை.

சட்டத்தில் ஒரு சந்து வேறு இருக்கிறது. முப்பது பேர் உட்காரும் உணவகம், முப்பது அறையுள்ள ஓட்டல் தனியாகப் புகை அறை வைத்துக்கொள்ளலாம். ஆக ஏசி ஓட்டல்காரனுக்கு அறை, பொது இடத்தில் பீடி பிடிக்கிறவனுக்கு 200 ரூபாய் வரை அபராதம். அந்த அறைக்குள் எதையும் பரிமாறக் கூடாது என்று 2017இல் ஒரு திருத்தம் வந்தது. சரிதான். ராத்திரி கடை அடைத்ததும் அந்த அறையைக் கூட்டுவது யார்? கூட்டுகிற வேலையை எந்தத் தெருவுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடை இருக்கட்டும். அந்த அறையை மூடச் சொல்வோம்.

பாரில் எவன் புகைத்தாலும் பொறுப்பு நடத்துகிறவனுக்கும் உண்டு என்கிறது விதி. புகாரை யாரிடம் சொல்லணும் என்று பெயர் எழுதி மாட்டவும் சொல்கிறது. துடைக்கிறவன் போய்ச் சொல்லலாம். பெரும்பாலும் அந்தப் பெயர் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவன் பெயராகத்தான் இருக்கும்.