மலர் யாருக்குச் சொந்தம்?

மணிப்பூர் மாநிலத்தின் உக்ருல் மாவட்டத்தில் ஷிருய் என்றொரு மலை உள்ளது. மே, ஜூன் மாதங்களில், மேகம் தவழும் அதன் உச்சிச் சரிவுகளில், புற்களுக்கு நடுவே ஒரு லில்லி பூக்கிறது. செடியின் உயரம் ஒன்று முதல் மூன்று அடி. மணியைப்போல் தலைகவிழ்ந்து தொங்கும் மலர்கள். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த இதழ்கள். லில்லி என்றதும் பலருக்குக் குளத்து அல்லி நினைவுக்கு வரலாம். இது அதுவன்று, நிலத்தில் கிழங்கிலிருந்து முளைக்கும் வேறு இனம். உலகில் மிகச் சிறிய பரப்பில் மட்டுமே இது இயற்கையாக வளர்கிறது.

அங்கு வாழும் தாங்குல் நாகர்கள் இதனைக் ‘காஷோங் திம்ராவோன்’ என்று அழைக்கிறார்கள். மலையைக் காக்கும் தெய்வமகளின் பெயர் அது என்பது அவர்களது மரபு. 1946-ஆம் ஆண்டில் ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் ஃபிராங்க் கிங்டன் வார்ட் இம்மலரைப் பற்றி வெளியுலகிற்கு அறிவித்தார். அவருடைய மனைவி ஜீன் மாக்ளினின் பெயரால் ‘லிலியம் மாக்ளினியே’ என்ற அறிவியல் பெயர் இதற்கு அமைந்தது. 1989-இல் இது மணிப்பூரின் மாநில மலராயிற்று. தெய்வத்தின் பெயர், மனைவியின் பெயர், மாநிலத்தின் பெருமை ஆகிய மூன்றும் மனிதர் இம்மலரிடம் கொண்ட அன்பையே காட்டுகின்றன. எனினும் மலரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சரிவுகளில் பரவிவரும் குட்டை மூங்கில் ஒரு காரணம். காண வருபவர்களில் சிலர் மலரைப் பறித்தும் கிழங்கோடு பெயர்த்தும் எடுத்துச் செல்வது இன்னொரு காரணம்.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. பறிப்பவன் மலரை வெறுப்பவன் அல்லன். அதன் அழகில் மனத்தைப் பறிகொடுத்தவன். ஒன்றை நேசிப்பதாலேயே அதன்மீது மனிதனுக்கு உரிமை வந்துவிடுகிறதா?

மண்ணுக்குள் இருக்கும் சேமிப்பு

லில்லி வளர்க்கும் தோட்டக்காரருக்கு இக்கேள்வியின் ஒரு பகுதி எளிதில் விளங்கும். அச்செடியின் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. பூண்டுப் பற்களைப்போல் சதைப்பற்றுள்ள செதில்கள் அடுக்கடுக்காக அமைந்த கிழங்கு அது. நீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால், நீர் நன்றாக வடியும் மண்ணில் அதை நடுகிறார்கள். பூ உதிர்ந்த பின்னரும் பசுமையான தண்டையும் இலைகளையும் அவர்கள் வெட்டுவதில்லை. இலைகள் சூரிய ஒளியில் உருவாக்கும் உணவே கிழங்கில் சேர்ந்து அடுத்த ஆண்டில் பூவாகிறது. கொய்யவே வேண்டியிருந்தாலும், கிழங்கு மறுபடி பூக்கவேண்டும் என்று எண்ணுபவர் தண்டின் கீழ்ப்பகுதியை இலைகளோடு விட்டுவைப்பார்.

ஆகவே செடியை அடியோடு ஒடிப்பவன் இன்றைய பூவை மட்டும் எடுத்துச் செல்லவில்லை. வரும் ஆண்டின் பூவையும், மண்ணில் விழவேண்டிய விதையையும், அடுத்து மலையேறி வருபவர் காணவேண்டிய காட்சியையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறான். ‘ஒரே ஒரு பூதானே!’ என்பது அவனது சமாதானம். அவனுக்குப் பின்னால் வருபவர்களும் அதையே சொல்கிறார்கள். பதஞ்சலி முனிவர் யமங்களில் ஒன்றாகக் கூறிய ‘அஸ்தேயம்’ என்னும் கள்ளாமை, உரிமையாளர் காவலிருக்கும் பொருளுக்கு மட்டும் உரியதன்று. கேட்பதற்கு ஆளில்லாத மலைச்சரிவில்தான் அது உண்மையிலேயே சோதிக்கப்படுகிறது.

பூஜைக்காகப் பறிப்பது

‘அப்படியானால் இறைவனுக்காக மலர் பறிப்பதும் பிழையா?’ என்று ஒரு பக்தர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்தியோடு அளிக்கப்படும் எளிய மலரையும் இறைவன் ஏற்பதாகக் கீதை கூறுகிறது. தலைமுறை தலைமுறையாக நம் இல்லங்களில் மலர் வழிபாடு நடந்து வருகிறது.

ஸ்ரீராமகிருஷ்ணரும் ஒரு காலத்தில் பூஜைக்குப் பூப்பறித்தவரே. ஒருநாள் அவ்வாறு பறிக்கும்போது, ஒவ்வொரு செடியும் விராட் சொரூபத்தை அலங்கரிக்கும் பூச்செண்டாக அவருக்குக் காட்சியளித்தது. அத்துடன் தாம் பூப்பறிப்பது நின்றுபோனதாக அவரே பக்தர்களிடம் கூறியிருக்கிறார். மலர் வழிபாடு தவறு என்பது இதன் பொருளன்று. அவர் அப்படி யாருக்கும் விதிக்கவில்லை. ‘மலர் என்னுடையது, அதை நான் இறைவனுக்குக் கொடுக்கிறேன்’ என்ற எண்ணத்திற்கு அந்தக் காட்சியில் இடமில்லாமல் போயிற்று. மலர் ஏற்கெனவே இறைவனிடம்தான் இருந்தது.

எல்லோருக்கும் அந்தக் காட்சி வாய்ப்பதில்லை. ஆனால் அதிலிருந்து ஓர் அளவுகோலை எல்லோரும் பெறலாம். தான் நீரூற்றிய செடியிலிருந்து, செடி நோகாமல் நான்கு பூக்களைக் கொய்து அர்ச்சிப்பவர் தம் உழைப்பையும் அதனுடன் சேர்த்தே சமர்ப்பிக்கிறார். விடியற்காலையில், அடுத்த வீட்டார் எழுவதற்கு முன் அவர்களது வேலியோரச் செடியை மொட்டையாக்கிக் கூடையை நிரப்புபவரும் அதே சுவாமி படத்தின் முன்தான் அமர்கிறார். அவர் சமர்ப்பிப்பது யாருடைய உழைப்பை? எதற்காக எடுக்கிறோம் என்பதோடு, எப்படி எடுக்கிறோம் என்பதையும் அறம் கேட்கிறது.

மருந்துக்காக எடுப்பது

அழகுக்காகவும் வழிபாட்டிற்காகவும் மட்டுமல்ல, தேவைக்காகவும் மனிதன் லில்லியை நாடியிருக்கிறான். ஐரோப்பியக் கிறிஸ்தவ ஓவியங்களில் வெண்ணிற லில்லி அன்னை மரியாளின் தூய்மைக்கு அடையாளம். சீனர்களுக்கு அது இல்லற ஒற்றுமையின் அடையாளம். சிலவகை லில்லிக் கிழங்குகளை அவர்கள் உணவாகவும் சமைக்கிறார்கள். நம் இமயமலையிலும் ஒரு லில்லி வளர்கிறது. ஆயுர்வேதத்தில் ‘அஷ்டவர்க்கம்’ எனப்படும் எட்டு மூலிகைகளுள் ஒன்றான க்ஷீரகாகோலி இதுவே என்று கருதப்படுகிறது. லேகியங்களுக்காகக் கிழங்கைத் தோண்டி எடுப்பதால் செடியே அழிந்துபோகிறது. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது.

நோயாளியின் தேவை, சுற்றுலாப் பயணியின் ஆசையைப் போன்றதன்று. அதைக் குறைகூற முடியாது. ஆனால் இங்கும் முன்னோர் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பாவப்பிரகாசம்’ என்ற ஆயுர்வேத நூல், அஷ்டவர்க்கம் அரசர்களுக்கும் கிடைப்பதற்கு அரியது என்று கூறி, அவற்றிற்கு ஈடான மூலிகைகளை வகுத்துத் தருகிறது. க்ஷீரகாகோலிக்கு ஈடு, எளிதில் பயிரிடத்தக்க அசுவகந்தா. உயர்ந்தது என்பதற்காக எப்படியாவது அதையே அடைந்தாக வேண்டும் என்று அந்நூல் சொல்லவில்லை. ‘கிடைக்காவிட்டால் இதைக் கொள்’ என்று சொல்லும் சாஸ்திரம், மனிதனுக்கு ஓர் அடக்கத்தையும் கற்பிக்கிறது.

வளர்ப்பவரின் வழி

எடுக்கவே கூடாது என்பது உலகில் இயலாத அறம். மூச்சுவிடுபவன் ஒவ்வொருவனும் எதையாவது எடுத்துக்கொண்டுதான் வாழ்கிறான். பெற்றதைத் திருப்பிச் செலுத்தாமல் அனுபவிப்பவனையே கீதையின் மூன்றாம் அத்தியாயம் திருடன் என்கிறது. இதன்படி, எடுப்பது குற்றமாவது கொடுப்பது நின்றுபோகும்போதுதான்.

லில்லி விஷயத்தில் கொடுப்பதற்கு வழி இருக்கிறது. கிழங்கிலிருந்து ஓரிரு செதில்களைப் பிரித்து ஈரமணலில் வைத்தால், அவற்றின் அடியில் சிறு கிழங்குகள் தோன்றும். தாய்க்கிழங்கு தொடர்ந்து வாழும். விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஷிருய் மலையைத் தவிர வேறெங்கும் இது பிழைக்காது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆனால் குளிர்ந்த நாடுகளின் தோட்டங்களில் பொறுமையாகப் பேணியவர்களிடம் அது பூத்திருக்கிறது. திசு வளர்ப்பு முறையில் கன்றுகளை உருவாக்கும் முயற்சி மணிப்பூரிலேயே நடந்திருக்கிறது. இந்த வழிகளில் எல்லாம் பூவைக் காண ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பறிப்பதற்கோ ஒரு கணம் போதும். ஒருவனது அன்பு மலரின்மீதா, அல்லது மலரால் தனக்குக் கிடைக்கும் இன்பத்தின்மீதா என்பதை அந்தக் காத்திருப்பே காட்டிவிடும்.

2017 முதல் ஷிருய் லில்லிக்கென மணிப்பூரில் அரசு விழா எடுக்கப்படுகிறது. 2023-இல் அம்மாநிலத்தில் வெடித்த மோதல்களால் தடைப்பட்ட அவ்விழா, 2025 மே மாதத்தில் மீண்டும் நடைபெற்றது. இடையிலிருந்த ஆண்டுகளில் விழாவும் இல்லை, கூட்டமும் இல்லை. அப்போதும் மலையில் லில்லி பூத்தது, விதை உதிர்த்தது, கிழங்கிற்குள் அடங்கி அடுத்த மழைக்குக் காத்திருந்தது. தன்னைக் காண யார் வந்தார்கள் என்று அது கணக்குப் பார்க்கவில்லை.

அந்தச் சரிவில் நின்று மலரைக் கண்குளிரக் கண்டு, கைகூப்பி வணங்கி, வெறுங்கையோடு இறங்கிவருபவர் எதையும் இழக்கவில்லை. வீடு திரும்பியதும் தம் வாசலில் ஒரு செடியை நட்டு நீரூற்றத் தொடங்குவாரானால், அவரது மலையேற்றம் நிறைவு பெறுகிறது.