பழுது எதில்?

திரையில் நிறம் கோளாறு என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது வயரைத்தான். பழைய விஜிஏ வயரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஊசி உண்டு. சிவப்பு ஊசி வளைந்துவிட்டால் வெள்ளைப் பக்கம் நீலப்பச்சையாகத் தெரியும். நீல ஊசி போனால் எல்லாம் மஞ்சள். வயர் சரியென்றால் மானிட்டரின் சொந்த மெனுவைத் திறப்பேன். மெனு ஒழுங்கான நிறத்தில் வந்து படம் மட்டும் கெட்டிருந்தால், கோளாறு கணினிப் பக்கம். மெனுவும் கெட்டிருந்தால் மானிட்டர் பக்கம். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். பழுது ஏதோ ஓர் இடத்தில் இருக்கும், தேடினால் கிடைக்கும், யார் மனசும் நோகாது.

எல்லாமே சரியாக இருக்கும்போதுதான் சிக்கல்.

அத்தை வீட்டுக்குப் புது டிவி வந்தது. கடைக்காரர்கள் 'விவிட்' என்ற அமைப்பில் ஓட்டிக் காட்டுவார்கள். கடை விளக்குக்குக் கீழே கண்ணைப் பறிப்பதற்காக வெளிச்சமும் நீலமும் அதில் தூக்கலாக இருக்கும். நான் அதை 'மூவி'க்கு மாற்றினேன். படம் எடுப்பவர்கள் வெள்ளை என்று வைத்துக்கொண்டு வேலை செய்வது ஏறக்குறைய 6500 கெல்வின் வெள்ளையை. மூவி அமைப்பு அதற்குக் கிட்டத்தில் வரும். முதலில் மஞ்சளடித்த மாதிரி இருக்கும், சில நாளில் கண் பழகிவிடும்.

அத்தை மகள் கல்யாண வீடியோவைப் போட்டார். "என்னடா ஐயா, பிள்ளை இப்படிக் கருப்பா தெரியுறா? டிவியில என்னமோ கோளாறு. பழசுல நல்லா வெள்ளையா இருந்தாளே. கொஞ்சம் சரி பண்ணிக் குடு."

அந்த மகள் எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். திரையில் இருந்த கையும் சோபாவில் இருந்த கையும் ஏறக்குறைய ஒரே நிறம். அவள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டிவியில கோளாறு இல்லத்த. உங்களுக்கு வெளிச்சமா வேணும்னா இந்த பட்டன்" என்று ரிமோட்டைக் கொடுத்தேன். அமுக்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. கூடவே, அத்தையே தேடி எடுத்த அரக்குப் புடவை பளீர் சிவப்பாகிவிட்டது. "ஐயோ, புடவை கலர் போச்சே! புடவைய விட்டுட்டு முகத்த மட்டும் மாத்த முடியாதா?"

வீடு அவருடையது, காசு அவருடையது, கண்ணும் அவருடையது. குழம்பில் உப்பைக் கூட்டிக்கொள்கிறவரிடம் நாம் வழக்காடுவதில்லையே. ஆனால் அத்தை தன் விருப்பத்தைச் சொல்லவில்லை, பழுது பார்க்கச் சொன்னார். 'சரி பண்ணிட்டேன்' என்று நான் ரிமோட்டைக் கீழே வைத்திருந்தால், பழுது அந்தப் பெண்ணின் முகத்தில்தான் என்று ஒரு இன்ஜினியர் கையெழுத்துப் போட்டதாக ஆகியிருக்கும். அதுவும் அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது.

நண்பனிடம் சொன்னபோது மடக்கினான்: "சரியான நிறம்னு ஒண்ணு இருக்கா? உங்க 6500-உம் சில பேர் கூடி முடிவு பண்ணதுதானே?" நியாயமான கேள்வி. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து புகைப்படக் கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அவள் முகம் நன்றாக வந்தால் நிறம் சரி. கருத்த முகங்கள் விவரமே இல்லாமல் இருண்டு போயின. பழுப்பு நிறம் ஒழுங்காக வரவில்லை என்று பிறகு சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் முறையிட்டது பிலிமைத் திருத்துவதற்கு ஒரு காரணமானது. மேசைக்குக் கிடைத்த மரியாதை என்று சிரிக்கலாம், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக, அளவுகோலே ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். அதற்காக எல்லாம் அவரவர் பார்வை என்று விட்டுவிட நான் தயாரில்லை. ஷெர்லி அட்டை தப்பு என்று எப்படித் தெரிந்தது? படத்தில் இருண்டு போனவர் நேரில் அப்படி இல்லை, அதனால்தான். 1976-இல் வந்த மெக்பெத் நிற அட்டையில் 24 கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தின் பெயரே 'கருந்தோல்'. வெளிர்தோல் இரண்டாவது.

அத்தை கேட்டதை டிவியால் செய்ய முடியாது. பல கைப்பேசிகளில் முடியும். அவற்றிலுள்ள அழகூட்டும் அமைப்பு, புடவையை அப்படியே விட்டுவிட்டு, படம் சேமிக்கப்படும் முன்பே முகத்தை மட்டும் வெளுத்துவிடுகிறது. அதற்கப்புறம் வயரை மாற்றினாலும் மெனுவைத் திறந்தாலும் எதுவும் அகப்படாது. அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் உண்டு.