விழாக்காலத்து உடலோம்பலும் இல்லறமும் போகமும்

ஐப்பசித் திங்களில் தீபாவளியொடு தொடங்கித் தைப்பொங்கல் ஈறாகச் செல்லும் நாட்கள் நந்தமிழ் நாட்டார்க்குப் பெரும்பாலும் விழா நாட்களாம். அந்நாட்களில் இல்லறத்தான் ஒருவனை ஓம்பற்குரிய உடலும், பேணற்குரிய சுற்றமும், நுகர்தற்குரிய போகமும் வெவ்வேறு திசையினின்று ஈர்க்கின்றன. இவற்றுள் எதனை எவ்வளவிற் கொள்வது என்னும் வினா அடுக்களையைச் சார்ந்தது போலத் தோன்றும். ஆராயுங்கால், தநு கரண புவன போகங்கள் உயிர்க்கு எற்றுக்குத் தரப்பட்டன என்னும் பழைய வினாவே பிறிதொரு வடிவில் வந்து நிற்றல் புலனாம். ஆதலின் இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

'விழா என்பது உண்டு களித்தற்கென்றே வகுத்தது. ஆண்டிற் சில நாள் வயிற்றை அடக்காதிருத்தலால் வருங் கேடு யாது?' என்பர் ஒரு சாரார். 'நிலையில்லாத இவ்வுடலைப் பேணுதல் உலகாயதர் செயல். சைவர்க்கு அதனொடு என்னை தொடர்பு?' என்பர் மற்றொரு சாரார். இக்காலத்து மூன்றாவதொரு சாராரும் தோன்றியுளர். இவர் உண்ணும் உணவை நிறுத்தும், நடக்கும் அடியை எண்ணியும், விழாநாளினும் தம் உடற்பயிற்சி ஓர் இமைப்பும் பிறழாது காப்பர். முன்னை இருவரினும் இவர் அறிவுடையர் போலக் காணப்படினும், இவரிடத்தும் குறையொன்று உளது. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

அநாதியே ஆணவத்தாற் பிணிப்புண்ட உயிர்க்கு, அம்மலம் பரிபாகமுறுதற் பொருட்டு, இறைவன் மாயையினின்றும் உடல், கருவி, உலகு, நுகர்பொருள் என்னும் நான்கனையும் தோற்றுவித்துக் கொடுத்தருளினன் என்பது சித்தாந்தத் துணிபு. ஞாயிறு தோன்றுமளவும் இருளில் நிற்பார்க்கு உதவும் விளக்குப் போல்வது மாயையின் காரியம் என்று நூலுடையார் உவமை கூறுப. அவ்வுவமையைச் சிறிது நீட்டிப் பார்ப்போமாக. எண்ணெயை மிகப்பெய்து திரியை மூழ்குவிப்பானுக்கு ஒளியில்லை. எண்ணெயே வேண்டா என்பானுக்கும் அஃதில்லை. விளக்கைத் துடைத்துத் துலக்குதலிலேயே இரவெல்லாம் கழிப்பானோ, விளக்குப் பெற்றும் அதன் ஒளியில் ஒன்றனையும் கண்டானல்லன். மேற்கூறிய மூவரும் முறையே இம்மூவராவர். உடல் இரவற்பொருள் என்பதனை மறந்தமை மூவர்க்கும் பொது.

உடலை இகழ்ந்திருத்தலே துறவு என்று கருதுவார், திருமூலர் தமது திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் காயசித்தி உபாயம் என்றொரு பகுதியே வகுத்திருத்தலை நோக்குவாராக. உடலைப் பிழையென்றிருந்த கருத்து மாறி, உள்ளிருக்கும் பொருளைக் கண்ட பின்னர் அதனைப் பேணத் தொடங்கியமையை அவர் ஆண்டுக் கூறியருளினர். பேணுதற்குக் காரணம் உள்ளிருப்போனே என்பது கருதத் தக்கது. கண்ணாடி முன்நின்று தோளையும் மார்பையும் நோக்கி மகிழ்வார்க்கு அவ்வாசிரியர் சான்றாகார்.

இனி, விழாக்களை வகுத்த முன்னோர் உண்டியை மட்டும் வகுத்தாரோ என்று காண்பாம். நரக சதுர்த்தசியன்று விடியுமுன் எண்ணெய் முழுக்கு; அதன்பின் சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் வெல்லமும் கூட்டிக் கிண்டிய இலேகியம்; அதன்பின்னரே பலகாரம். மருந்தை முன்னும் விருந்தைப் பின்னும் வைத்தனர். (இலேகியம் உண்டோம் என்னும் துணிவினால் ஓர் அதிரசம் மிகுதியாக உண்பாரும் உளர், அஃது இலேகியத்தின் குற்றமன்று.) அமாவாசை கழிந்து பிரதமை தொட்டுச் சட்டி வரையும் 6 நாள் கந்தசட்டி நோன்பு. கார்த்திகையில் தீபத்தின் பொரியுருண்டை ஒருபுறம், சோமவார விரதம் ஒருபுறம். மார்கழியிலோ வைகறைத் துயிலெழுந்து நீராடிக் கோயிலை வலம்வரல். திருவாதிரையன்று நோன்பிருந்து பின்னர்க் களியும் பல காய் கூட்டிய குழம்பும் உண்டல். உண்டியும் நோன்பும் நடையும் இவ்வாறு ஒன்றனையொன்று தொடர்ந்து வந்தன. திருவண்ணாமலையை வலம்வரும் வழி ஏறக்குறைய 14 கிலோமீட்டர். மெல்ல நடப்பார்க்கு 3 மணி நேரத்திற்கு மேலாம். வளர்ந்தோர்க்கு வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக நல்வாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வரையறுத்தது. முன்னோர் உடற்பயிற்சி கருதியா வலம்வந்தனர்? அன்று. வழிபாட்டினுள்ளே உடலுக்குரியதும் அடங்கிநின்றது.

இந்நாளில் நேர்ந்தது யாதெனின், பலகாரம் நின்றது. நோன்பும் நடையும் பல இல்லங்களில் நீங்கின. தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டிகள் தீருமுன் புத்தாண்டுப் பெட்டிகள் வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையொடு நிகழ்ந்து 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடையார் ஏறக்குறைய 10 கோடியே 10 இலட்சம் பேர் எனக் கணித்தது. அமெரிக்க நாட்டில் நவம்பர் இறுதி முதல் சனவரி வரையுள்ள விடுமுறைக் காலத்தில் 195 பேரை நிறுத்துப் பார்த்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றும் உளது. அவர்தம் எடை சராசரி 0.37 கிலோகிராமே ஏறிற்று. அவர்களோ அதனினும் பன்மடங்கு ஏறியதாக எண்ணியிருந்தனர். ஏறிய அச்சிறு அளவு பின்வந்த மாதங்களில் இறங்காது நின்றமையே ஆய்ந்தோர் கவன்றது. விருந்திற்குப் பின் நோன்பு வைத்தார் கருத்தை இதனொடு வைத்து நோக்குக.

இனி மூன்றாஞ் சாரார் குறையைக் கூறுவாம். ஆண்டில் ஒருமுறை ஊர்க்கு வரும் மகன், தாய் தன் கையால் இட்ட பண்டத்தை இலையினின்றும் ஒதுக்கி, அதன்கண் இத்துணைக் கொழுப்பு உளது என்று கணக்குரைப்பானாயின், அவன் உடலோம்பினான் என்பது மெய்யே. ஆனால் யான், எனது என்னும் செருக்கு அவ்வோம்பலினுள்ளே புகுந்தது. பாதியைத் தம்பிக்குப் பகுத்து, மீதியைத் தாய் முகம் மலர உண்டு, மாலையில் அவளையும் உடன்கொண்டு கோயிலுக்கு நடந்து சென்றானாயின் உடற்கு வந்த இழப்பு யாது?

தாயைப் பற்றிக் கூறினமையின், யாம் முதன்மையாகக் கருதுவதனை இனிக் கூறல் வேண்டும். உடலும் சுற்றமும் போகமும் ஒத்துநடத்தல் பற்றிப் பேசுவார் பெரும்பாலும் உண்பாரை நோக்கியே பேசுகின்றனர், சமைப்பாரை நோக்குகின்றிலர். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னரே மாவிடித்தும் பாகுகாய்ச்சியும், அனல்முன் நின்றும், மார்கழியில் எல்லார்க்கும் முன்னெழுந்து கோலமிட்டும், பொங்கலன்று பானை பொங்குமளவும் புகையில் இருந்தும் விழாவைத் தாங்குவது பல இல்லங்களில் ஓருடலே. அரசினர் விட்ட விடுமுறை அவ்வுடற்கு இல்லை. எல்லாரும் உண்டபின் ஆறிய சோற்றை உண்டு, நோன்பு நாளிலும் பிறர்க்கு அட்டு, முழங்கால் நோவை ஒருவர்க்கும் உரையாது கிடப்பவள் உடலும் இறைவன் தந்த உடலன்றோ? அவள் நுகர்தற்குரிய போகம் எங்குச் சென்றது? வினைவழியே அவட்கு அஃது அமைந்தது என்று விடையிறுப்பார்க்கு, தாம் செய்யற்பாலதனைச் செய்யாமைக்கு வினையை முன்னிறுத்தல் சைவநூற் கருத்தன்று என்பேம்.

சேக்கிழார் உரைத்த இளையான்குடிமாற நாயனார் வரலாற்றைப் பலரும் விருந்தோம்பலுக்கு எடுத்துக்காட்டுவர். அதனை மற்றொரு நோக்கில் காண்க. நள்ளிரவில் மழையினூடே வயலுக்குச் சென்று அன்று விதைத்த நெல்லை வாரிச் சுமந்து வந்தவர் கணவர். விறகின்மையின் கூரை மரத்தை அறுத்துத் தந்தவரும், வளராத கீரைப் பயிரைப் பறித்துக் கொணர்ந்தவரும் அவரே. அந்நெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கி, ஒரு கீரையையே பல கறியாகச் சமைத்தவர் மனைவியார். ஒருவர் ஏவ மற்றொருவர் உழைத்தாரல்லர். உடலுழைப்பும் இல்லறமும் விருந்தும் அவ்விரவில் ஒரு செயலாயின; இவற்றை ஒத்துநடத்துதற்கு வழி தேடும் நிலையே அவர்க்கு எழவில்லை. தீபாவளியை ஒட்டி 21 நாள் நோற்கப்படும் கேதாரகௌரி விரதத்தின் பயனாகக் கூறப்படுவதும் உமையம்மை இறைவன் திருமேனியிற் பாதி பெற்றமையே. அந்நோன்பை நோற்று முடித்த அன்றே தேங்காய் துருவுதற்கும் ஒரு கை கொடாத கணவன்மார், தாம் நோற்ற பயன் யாதென எண்ணிப் பார்ப்பாராக.

சித்தாந்தத் திங்களிதழில் தேங்காய் துருவலைப் பேசுதல் இழுக்கென்று சில பெரியோர் கருதலாம். திருநாவுக்கரசர் கையில் உழவாரத்தை வணங்குவார்க்கு அது தோன்றாது.

எஞ்சியது ஒன்று. நீரிழிவுடைய அன்பர்கள் குருபூசை நாட்களில் மடங்களுக்கு வருங்கால், திருவமுதாக இடப்படும் சர்க்கரைப்பொங்கலை மறுத்தல் அபசாரமாமோ என்று எம்மை வினவியதுண்டு. மருத்துவர் விலக்கிய பொருளை வயிறு நிறைய உண்டு பின்னர் நோயுறுதலை எவ்வாகமமும் விதித்திலது. ஒரு பருக்கையளவு எடுத்துக் கண்ணில் ஒற்றி உட்கொண்டு, எஞ்சியதனைப் பந்தியில் அருகிருக்கும் சிறுவனுக்கு வழங்கிவிடலாம். பரிமாறுவோரும் 'இன்னும் கொஞ்சம்' என்று அவரை வற்புறுத்தாதிருத்தல் நன்று. அடுக்களையில் நின்றார் அனைவரும் உண்டாயிற்றா என்பதனை அப்பொழுது சென்று கேட்கலாம்.