அலைகளுக்கு உடைமையாளர் உண்டோ?

மனிதக் கண்ணுக்குப் புலப்படும் ஒளி மிகச் சிறிது. சிவப்பு முதல் ஊதா வரை நாம் காணும் நிறங்கள் யாவும் மின்காந்த அலைகள் என்னும் பெருவரிசையின் ஒரு மெல்லிய கீற்றேயாம். அதன் ஒருபுறத்தே செங்கீழ்க் கதிர்களும் நுண்ணலைகளும் வானொலி அலைகளும், மறுபுறத்தே ஊதாக்கடந்த கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காமாக் கதிர்களும் விரிந்து கிடக்கின்றன. அலைநீளத்தால் வேறுபடினும், வெற்றிடத்தில் இவையனைத்தும் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் என்னும் ஒரே வேகத்திலேயே செல்கின்றன. இவற்றுள் எதன்மீதும் இயற்கை எவர் பெயரையும் பொறிக்கவில்லை. பொறிக்க முனைந்தவன் மனிதனே.

1895ஆம் ஆண்டு நவம்பரில், ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திலே றொன்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். சில மாதங்களுக்குள் மருத்துவர்கள் அவற்றின் துணைகொண்டு முறிந்த எலும்புகளை ஆராயத் தொடங்கினர். காப்புரிமை பெற்றிருப்பின் அவர் பெருஞ்செல்வராகியிருப்பார். அவர் அதனை நாடவில்லை. 1901இல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் அப்பல்கலைக்கழகத்துக்கே வழங்கினார்.

1896இல் மார்க்கோனி கம்பியில்லாத் தந்திக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கோரினார். அவருடைய திறமையை நாம் குறைத்துரைக்கவில்லை. அவருடைய கருவி கடலிலே பல உயிர்களைக் காத்தது. ஆயினும், பிற கம்பனிகளின் கருவிகளைக் கொண்ட கப்பல்களுடன், ஆபத்து வேளையிலன்றி, செய்தி பரிமாறலாகாதென அவருடைய கம்பனி தன் ஊழியர்களுக்கு விதித்தது. அழைப்புக் காதில் விழுந்தும் வாய் திறவாதிருப்பது தொழிற் கடமையாயிற்று! 1906இல் பேர்லினில் கூடிய நாடுகள், கரை நிலையங்களும் கப்பல்களும் கருவி வேறுபாடு பாராது செய்தி பரிமாற வேண்டுமென உடன்பட்டன. கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையே அக்கடமை 1912ஆம் ஆண்டின் லண்டன் மாநாட்டிலேதான் உறுதியாயிற்று.

முதலிட்டவன் பயன் பெறாவிடில் கருவி செய்ய எவன் முன்வருவான் என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். கருவி உழைப்பின் விளைவு; அதற்கு ஊதியம் உண்டு. அலையோ எவராலும் உண்டாக்கப்பட்ட சட்டத்துக்கு உட்பட்டதன்று.

இன்று பல நாடுகளில் அரசுகள் வானொலி அலைவரிசைகளை ஏலத்தில் விடுகின்றன. ஒரே அலைவரிசையிற் பலர் பேசினால் எவர் குரலும் தெளிவாய்க் கேளாது; ஆகவே பங்கீடு இன்றியமையாதது. ஆனால் பங்கீடு வேறு, உடைமை வேறு. குளத்து நீரை முறைவைத்து வயல்களுக்குத் திறந்துவிடுபவன் குளத்துக்குச் சொந்தக்காரனாகிவிடுவதில்லை. அதிக விலை கொடுப்பவனுக்கே மடை திறக்குமாயின், கடைசி வயல் காய்ந்துதான் போகும்.

அலைநீளங்களின் அட்டவணையை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், இந்த வழக்கையும் அவர்கள் முன் வைத்தல் வேண்டும். தீர்ப்பு அவர்களுடையதாகட்டும்.