பெயர்த்துக் கட்டிய வீடு

பாங்காக்கின் ஜிம் தாம்சன் இல்லம், ஓர் அமெரிக்கப் பட்டு வணிகர் வெவ்வேறு இடங்களிலிருந்து பழைய தேக்கு வீடுகளைக் கொண்டுவந்து இணைத்து 1959இல் குடியேறிய இடம். ஒட்டுப்போட்ட இது எப்படித் தாய்லாந்து மரபாகும் என்று சிலர் கேட்பதுண்டு. பெயர்த்து வந்ததைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆணியில்லாமல் முளையடித்துப் பொருத்தும் அந்நாட்டு மரச்சுவர்கள், கழற்றி வேறிடத்தில் மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. குடும்பம் இடம் மாறினால் வீட்டையும் கூடவே கொண்டுபோகலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதில் எது மரபு, எது தாம்சனின் ரசனை? வெளியே தெரியவேண்டிய செதுக்கு வேலை அறைக்குள் தெரியும்படி சில சுவர்களைத் திருப்பி வைத்தது மரபல்ல, அவருடைய ரசனை. (நல்ல ரசனைதான், மறுப்பதற்கில்லை.) ஆகவே அங்கே போகிறவர் உள்ளே இருக்கும் சீனப் பீங்கானில் மயங்குவதற்கு முன், உட்புறம் சாய்ந்து எழும் சுவர்களையும் தரையைத் தூக்கி நிறுத்தும் கால்களையும் பார்ப்பது நல்லது, வெள்ளத்தோடு வாழ்ந்தவர்களின் கணக்கு அவற்றில்தான் இருக்கிறது.