கோமாளி மீனும் சரணாகதியும்

இறைவன் நம்மைக் காப்பது அவன் அருளாலா, நாம் அவனைப் பற்றிக்கொள்வதாலா? தமிழ் வைணவம் நூற்றாண்டுகளாக விவாதித்துவரும் கேள்வி இது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது மர்க்கட நியாயம். பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்லும் என்பது மார்ஜார நியாயம். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார், முதலாவதை ஏற்று, ஒரு வியாஜமாக, அதாவது சாக்காகவேனும், ஜீவன் சரணடைய வேண்டும் என்பார்கள். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார், இரண்டாவதை ஏற்று, அருளுக்குக் காரணமே தேவையில்லை என்பார்கள். இந்த வழக்கில் பேச்செல்லாம் அடைக்கலம் எப்படித் தொடங்குகிறது என்பதைப் பற்றியே சுழல்கிறது. அது எப்படி நிலைக்கிறது என்ற கேள்விதான் அன்றாட வாழ்வுக்கு அதிகம் தேவை. அதைச் சிந்திக்கக் கடலில் நல்லதொரு சான்று உண்டு.

இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உள்ள பவளத்திட்டுகளில் சுமார் 30 வகைக் கோமாளி மீன்கள் வாழ்கின்றன. அவற்றின் வீடு கடல் சாமந்தி. பூவைப் போலத் தோன்றும் அந்த விலங்கின் உணர்கரங்கள் முழுக்கக் கொட்டும் செல்கள். வேறொரு சிறு மீன் உரசினால் அவற்றிலிருந்து நஞ்சேறிய நுண் இழைகள் பாயும், மீன் செயலற்றுப்போகும், கரங்கள் அதை வாய்க்குள் தள்ளிவிடும். கோமாளி மீனோ அதே கரங்களுக்கு நடுவே உறங்குகிறது. அதன் உடலைப் போர்த்தியிருக்கும் கோழையில், கொட்டும் செல்களைத் தூண்டுவதாகக் கருதப்படும் சியாலிக் அமிலம் மிகக் குறைவு. இது உடம்போடு வந்த கொடை. ஆனால் பல இனங்களுக்கு அது மட்டும் போதுவதில்லை. புதிய கடல் சாமந்தியிடம் வரும் மீன் நேராக உள்ளே நுழைவதில்லை. வாலால் தொடுகிறது, துடுப்பால் உரசுகிறது, கொட்டு வாங்கினால் துள்ளி விலகுகிறது, மறுபடி வருகிறது. சிறிது சிறிதாகத்தான் முழு உடலையும் ஒப்படைக்கிறது. டேவன்போர்ட், நாரிஸ் என்ற ஆய்வாளர்கள் 1958இல் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். இன்னொன்று இதைவிடக் கவனிக்கத்தக்கது: இப்படிப் பழகிய மீனைச் சில காலம் பிரித்துவைத்தால், திரும்பி வரும்போது அது மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. கொடையும் உண்டு, முயற்சியும் உண்டு. ஆயினும் காப்பை நிலைநிறுத்துவது விடாத உறவே.

மீனைக் காட்டித் தத்துவத்தை நிறுவ முடியுமா என்று கேட்கலாம். முடியாது. மீனுக்குப் பக்தி கிடையாது. கடல் சாமந்திக்குக் கருணையும் கிடையாது. குரங்கும் பூனையும்கூட எதையும் நிறுவவில்லை. நினைத்துப் பார்க்க வழி தந்தன, அவ்வளவே. அந்தப் பழகும் திறனே பிறவிக் கொடைதானே என்று தென்கலையார் கேட்டால், அது முற்றிலும் சரி. ஆனால் திறனைப் பெற்றிருப்பது வேறு, அங்கே குடியிருப்பது வேறு. வலுவான மறுப்பு மற்றொன்று: சரணாகதியை ஒருமுறை செய்தால் போதும் என்பது இரு கலையாருக்கும் உடன்பாடு, தினம் தினம் புதுப்பிக்க வேண்டும் என்றால் இறைவனின் வாக்குறுதியையே ஐயுறுவதாகாதா? ஆகாது. பிரிந்துபோன மீனுக்கும் கடல் சாமந்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாறியது மீனின் உடல்தான். அதனால்தான் ஆசாரியர்கள் சரணாகதியோடு நிறுத்தவில்லை, கைங்கரியம் என்னும் தொண்டையும் வற்புறுத்தினார்கள். கோமாளி மீனும் சும்மா ஒண்டியிருப்பதில்லை. கடல் சாமந்தியைக் கடிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை விரட்டுகிறது. இரவில் துடுப்பசைத்து நீரோட்டம் தருகிறது. அதன் கழிவு, கடல் சாமந்திக்குள் வாழும் பாசிக்கு உரமாகிறது. இறைவனுக்கு நம்மால் ஆகவேண்டியது எதுவுமில்லை என்பது உண்மை. ஒப்புமை அங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் தொண்டின் பயன் தொண்டு செய்பவனையும் சேர்கிறது. அது அவனை உறவுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

ஆகவே அருளா முயற்சியா என்ற வழக்குத் தீரட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அருளால் வந்தவரும் முயன்று வந்தவரும் தொடர்பு அறாமல் வாழ்ந்தால்தான் அடைக்கலத்தின் பயனை அனுபவிக்க முடியும். எந்தக் கலையைச் சேர்ந்தவரானாலும், இன்றைய கைங்கரியத்தை நாளைக்குத் தள்ளாதீர்கள்.